வெடிமருந்துக் கிடங்கில் ஒரு சொம்புத் தண்ணீர்

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முதியோர் பள்ளியில் எழுதப் பழகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு வரி முடிவதற்குள் வெற்றிலை வாயில் கரைந்துவிடுகிறது. ஆனாலும் ‘ழ’ நன்றாக வருகிறது. அதைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருக்கிறது.

சர்வேயர் வெங்கடாசலம் ஐயா தவறிவிட்டார் என்று, பர்கூர் பஸ்ஸில் வந்திறங்கிய தாலுகா ஆபீஸ் சேவகர் சொன்னார். “அப்படிங்களா” என்று கேட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். இன்றுவரை நெஞ்சு மரத்துத்தான் கிடக்கிறது. என்னைப் போலவே அவரோடு நில அளவைச் சங்கிலி இழுத்த உங்களுக்கும் அப்படித்தானா, தெரியவில்லை.

கிருஷ்ணகிரி மலையடிவாரத்துப் பழைய கட்டடங்களைப் புது சர்வே படத்தில் குறிக்க அவரோடு போனோமே, ஞாபகம் இருக்கும். குதிரை லாயம் பள்ளிக்கூடமாகியிருந்தது. சுங்கச் சாவடியில் புளிமண்டி நடந்தது. ஐயா ஒவ்வொரு வாசலிலும் நின்று முதலில் தண்ணீர் கேட்பார். “தண்ணி குடுக்க ஆளிருந்தா அது பாழ் இல்லப்பா” என்பார்.

ஒரு நாள் எங்கள் வீட்டுக்கே வந்தோம். அது பழைய வெடிமருந்துக் கிடங்கு. கூலிக்காரர்களான நாங்கள் மூன்று குடும்பம் அதில் இருந்தோம். பழைய படத்தில் அது பாழ். புதுப் படத்திலும் பாழ் என்று விழுந்தால், இடித்துக் கல்லை ஏலம் விடப்போவதாகப் பேச்சு.

ஐயா தண்ணீர் கேட்டார். என் மனைவி முனியம்மா கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு பேசினாள்.

“எங்க ஊட்டுத் தண்ணிய நீங்க குடிக்கலாங்களா சாமி? கீழ கடையில சோடா வாங்கியாரச் சொல்றேன்.”

“சோடாக் கடைய அப்பவே படத்துல போட்டுட்டேன். உன் ஊட்டப் போடணுமா, வேணாமா?”

நான் சங்கிலியைப் பிடித்தபடி நின்றேன்.

“இந்தாளு வாயே தொறக்கமாட்டாரு” என்று முணுமுணுத்துக்கொண்டே சொம்பை நீட்டினாள்.

ஐயா அண்ணாந்து குடிக்கவில்லை. வாய் வைத்தே குடித்தார். “உப்புக் கரிக்குதும்மா” என்று சொல்லிவிட்டு இன்னும் குடித்தார். பிறகு உட்கார்ந்து, குடியிருப்பு என்று குறித்தார்.

கிடங்கு நிற்கிறது. ஐயா தவறிய சேதியை முனியம்மாவிடம் சொன்னேன். அந்தச் சொம்பில் தண்ணீர் மொண்டு வாசற்படியில் வைத்தாள். வழியே போன யாரோ குடித்துவிட்டுப் போனார். மறுபடி நிரப்பி வைத்தாள். தினமும் வைக்கிறாள். ஐயாவிடமிருந்து எங்களிடம் இருப்பது அதுதான்.

விரல் வலிக்கிறது. அவர் பெயரில் வரும் ‘ங்’ எனக்கு இன்னும் படியவில்லை. பழகிக்கொண்டு, அடுத்த வாரக் கடிதத்தில் அவர் பெயரை நேராக எழுதுகிறேன்.