பூமிக்கும் நிழல் உண்டு

எனக்கு எழுபத்தொரு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நாலு நான் பெற்றது, ஒன்று என் தங்கை விட்டுப் போனது. ஐந்தும் தூளியில் வளர்ந்தவை. எனக்கு வேலை எங்கேயோ, தூளியும் அங்கே. நடவு என்றால் வரப்புப் பூவரச மரத்தில், கட்டட வேலை என்றால் சாரக்கட்டையில். கைப்பிள்ளை இருக்கிறதே என்று ஒரு நாளும் நான் வீட்டில் உட்கார்ந்ததில்லை. அதில் எனக்குப் பெருமைதான்.

எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. கையெழுத்துப் போடுவேன். பஸ் போர்டு படிப்பேன், அதுவும் பஸ் நின்றால்தான். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பெரிய பேத்தி எழுதுகிறாள். ஒன்பதாவது படிக்கிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுதாதே, புத்தகத்தில் இருக்கிற மாதிரி எழுது, ஆனால் மற்றவர்கள் பேசினதை மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன்.

நெய்வேலியில் கரண்ட் என்றால் மண்ணுக்கு அடியிலிருந்து வருவது. மண்ணை வெட்டு, கரியை எடு, தெர்மல் பவர் ஹவுஸில் எரி, கம்பியில் அனுப்பு. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் மைன்ஸில் காண்ட்ராக்டில் இருந்து, பெர்மனென்ட் ஆகாமலே போய்ச் சேர்ந்தார். அவர் துணியை அலசினால் தண்ணீர் டீத்தண்ணி நிறத்தில் ஓடும். இந்த ஊர் கரி பழுப்பாகத்தான் இருக்கும். அந்தப் பழுப்புதான் ஊருக்கெல்லாம் விளக்கு எரிக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு டவுன்ஷிப்பைத் தாண்டி ஒரு காலி நிலத்தில் கண்ணாடி நட ஆரம்பித்தார்கள். நட என்றுதான் சொல்ல வேண்டும். நாற்று மாதிரி வரிசை வரிசையாக, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. புகை இல்லை, சத்தம் இல்லை. வெயில் பட்டால் இதில் கரண்ட் வருகிறது என்றார்கள். நான் நம்பவில்லை. ஆனால் வேலை வந்தது, போனேன்.

எனக்குப் புல் செதுக்குகிற வேலை. புல் உயர்ந்தால் பேனல் என்கிற அந்தக் கண்ணாடியில் நிழல் விழும், அதனால் விடக் கூடாது. என் கடைசி மருமகளுக்குப் பேனல் துடைக்கிற வேலை. தெர்மல் சாம்பலும் மைன்ஸ் மண்ணும் காற்றில் வந்து கண்ணாடிமேல் படியும். விரலால் தொட்டால் கோலம் போடலாம். விடிகிற நேரத்திலேயே தண்ணீர் டேங்கர் வந்துவிடும். வெயில் ஏறிக் கண்ணாடி சுட்டபிறகு பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது, விரிசல் விட்டுவிடும் என்பார்கள். அதனால் பொம்பிளைகள் எல்லாம் கையில் நுனியில் துணி கட்டிய நீளக் குச்சியோடு ஓட்டமாக ஓடுவார்கள்.

மருமகளுக்கு அந்த வேலையின் கேட் பாஸ் சாதாரணமில்லை. அதுவரைக்கும் அவள் பெயரில் எந்த வேலையும் இருந்ததில்லை. அப்பன் வீட்டில் அண்ணன்மாரோடு கரும்பு வெட்டப் போவாள், கூலி அண்ணன் கைக்குப் போகும். இந்த பாஸில் அவள் போட்டோ, அவள் பெயர். வீட்டுக்கு வந்ததும் கழுத்திலிருந்து கழற்றி முகம் பார்க்கிற கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டி, ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள். அது போனால் திரும்பி வராது. கேட்டுக்கு வெளியே அவளைப் போல எத்தனையோ பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

இவளுக்குக் கைக்குழந்தை இருந்தது. தவழ ஆரம்பிக்காத வயசு. பிள்ளையைப் பார்க்க வீட்டில் ஆளில்லை. என் மகன் மைன்ஸில் நைட் ஷிப்ட் முடித்து வருவதற்குள் நாங்கள் கிளம்பிவிடுவோம். மூத்த பெண்ணைப் பள்ளிக்கூடம் அனுப்புவதே அவனுக்குப் பாடு. அதனால் குழந்தையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே உள்ளே போவாள். செக்யூரிட்டிக்காரர் அந்த நேரம் பார்த்து வானத்தைப் பார்ப்பார். நல்ல மனுஷர்.

கடைசி வரிசையில் பேனலைத் தாங்குகிற இரும்புக் கால்கள் தூளிக்கு வாகான உயரம். அங்கே கட்டிவிட்டாள். மேலே கண்ணாடியே கூரை. ஆனால் காலை வெயில் சாய்ந்து அடியில் புகுந்து குழந்தையின் முகத்தில் அடித்தது. அதற்குத் தூளி கட்டின புடவையின் மிச்சத்தைக் கிழக்குப் பக்கம் திரை மாதிரி தொங்கவிட்டு, அது நழுவாமல் இருக்க நுனியைப் பேனல் மேலே போட்டு அந்தப் பக்கம் முடிந்தாள். துடைத்து முடித்த பேனல்தானே, துணி கிடந்தால் என்ன என்று நினைத்திருக்கிறாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்போம்.

அந்த இடத்துக்கு ஒரு இன்ஜினியர் அம்மா. சின்ன வயசு, தெற்குப் பக்கத்துப் பெண். தினமும் காலையில் அந்தக் கடைசி வரிசையில் கரண்ட் குறைகிறது என்று அந்தப் பெண் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. ஒயரை மாற்றினார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். ஆள்காரர்கள் சாமான் எடுத்துக்கொண்டு வருவதற்குள் மருமகள் வேலை முடித்துத் தூளியை அவிழ்த்துவிடுவாள், கரண்டும் சரியாகிவிடும்.

"அந்த வரிசைல பேய் இருக்குதுக்கா" என்று எங்கள் கூட்டத்தில் ஒருத்தி சொன்னாள்.

"இருந்தா அதையும் கூப்பிடு, ஒரு குச்சி குடுத்து தொடைக்கச் சொல்லலாம்" என்றாள் இன்னொருத்தி.

ஒரு நாள் இன்ஜினியர் அம்மா யாரையும் கூப்பிடாமல் தானே விறுவிறுவென்று நடந்து வந்தது. வரிசைக் கடைசியில் வந்து நின்றது. குனிந்து பார்த்தது. குழந்தை விழித்துக்கொண்டு அதைப் பார்த்துச் சிரித்தது. பின்னாலேயே எங்களை வேலை வாங்குகிற மேஸ்திரி ஓடி வந்தான்.

"யாரு புள்ள இது? இன்னா இது, வூடா, மைதானமா? தூளி கட்டிக்கினு தாலாட்டு பாடுறீங்களா?"

மருமகள் குச்சியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டாள்.

"பாஸைக் கழட்டு. நாளைலேர்ந்து வராத. எம் பேரு கெட்டுப் போவும்."

அவள் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். நான் புல் செதுக்குகிற கத்தியோடு போய் நடுவில் நின்றேன்.

"மேஸ்திரி, நீ பொறந்தப்போ ஒன்னைப் பஞ்சு மெத்தைலயா போட்டாங்க? ஒங்கம்மா கரும்புத் தோட்டத்துல தூளி கட்டுனதை நான் பாத்தவ."

"ஆயா, கத்தியைக் கீழ போட்டுட்டுப் பேசு."

"புல்லு வெட்ற கத்திடா. ஒன்னை வெட்ட எனக்கு நேரமில்ல."

இன்ஜினியர் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டது. "பாஸ் இப்ப வேண்டாம். ரெண்டு பேரும் ரூமுக்கு வாங்க. நான் பேசிட்டுச் சொல்றேன்" என்றது.

கண்ட்ரோல் ரூம் என்பது தகரம் போட்ட சின்ன அறை. குளிர் மெஷின் ஓடியது. மருமகள் பிள்ளையை இறுக்கிக்கொண்டு சுவரோடு நின்றாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன்.

டிவி மாதிரி பெட்டியில் ஒரு கோடு. காலையில் கீழே தொடங்கி, மெல்ல ஏறி, மத்தியானம் மேடாகி, சாயங்காலம் இறங்கியது. "இது நேத்து வெயில், பாட்டி" என்றது அந்தப் பெண்.

எனக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை சொன்னது. நேற்று அடித்த வெயில் முழுக்க அந்தக் கோட்டில் இருந்தது. ஓரிடத்தில் திடீரென்று பள்ளம். நேற்று மத்தியானத்துக்கு மேல் ஒரு மேகம் வந்து மூடியதும், காய்ந்த மிளகாயை அள்ள நான் ஓடியதும் ஞாபகம் வந்தது. அந்த மேகம் அதோ பள்ளமாகக் கிடந்தது. வெயில் வந்ததும் போனதும் யாருக்கும் கணக்கில்லை என்று இத்தனை வயசு வரைக்கும் நினைத்திருந்தேன். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"இந்தப் பள்ளம் எது தெரியுதா?" என்று காலை நேரத்தைத் தொட்டுக் காட்டியது. "இதுதான் உங்க மருமகளோட புடவை."

மருமகள் அழ ஆரம்பித்தாள்.

"அழாதீங்க. பேனலெல்லாம் சங்கிலி மாதிரி கோத்திருக்கு. ஒண்ணு மேல நிழல் விழுந்தா மொத்த வரிசையும் சோந்துரும். உங்களுக்கு யாரும் சொல்லல. சொல்லிருக்கணும்."

நான் கேட்டேன்: "மேகமும் நிழல், புல்லும் நிழல், புடவையும் நிழல். நிழலே உழாத எடத்துல இதைக் கொண்டுபோய் வெக்க முடியாதாம்மா?"

சும்மாதான் கேட்டேன், மருமகள் பேச்சிலிருந்து கொஞ்சம் திருப்பலாம் என்று. ஆனால் அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்துவிட்டது. கண்ணெல்லாம் வேறு மாதிரி ஆனது. காலேஜில் அதைப் பற்றித்தான் படித்துத் தாள் எழுதினதாம். இங்கே அதைப் பற்றி ஒருத்தரும் கேட்டதில்லையாம்.

"இருக்கு பாட்டி. வானத்துல. காத்து, மேகம் எல்லாத்தையும் தாண்டி ரொம்ப உயரத்துல. அங்க பேனலை விரிச்சு வச்சா பூமி கூடவே சுத்திட்டு வரும். இங்கிருந்து பாத்தா ஒரே இடத்துல நிக்கிற மாதிரி இருக்கும். சாம்பல் கிடையாது, மழை கிடையாது. ராத்திரியே கிடையாதுன்னு வச்சுக்கங்க."

"ராத்திரி இல்லாம எப்படி?"

"வருஷத்துல சில வாரம் மட்டும் தினமும் கொஞ்ச நேரம் இருட்டும். பூமியோட நிழல் விழும்."

"பூமிக்கு நிழல் இருக்குதா?"

"ராத்திரின்னா அதுதானே பாட்டி. பூமியோட நிழல்லதான் நாம எல்லாரும் தூங்குறோம்."

எழுபது வருஷம் ராத்திரியில் படுத்து எழுந்திருக்கிறேன். அது நிழல் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ராத்திரியை என்னவோ கறுப்பாக ஒன்று மேலேயிருந்து வந்து மூடுகிறது என்று நினைத்திருந்தேன். இல்லையாம். வெயில் எப்போதும் அங்கேதான் அடித்துக்கொண்டிருக்கிறதாம். நாம்தான் திரும்பிக்கொள்கிறோமாம். அந்த அறையில் சுவரைப் பிடித்துக்கொள்ளலாமா என்று தோன்றியது எனக்கு.

மருமகள்தான் கேட்டாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே: "அங்கேர்ந்து ஒயரு எப்படி மேடம் இழுப்பாங்க?"

ஒயரே இல்லையாம். செல்போனுக்குப் பேச்சு வருகிற மாதிரி, கண்ணுக்குத் தெரியாத அலையாக அனுப்புவார்களாம். கீழே கம்பி வலை விரித்துப் பிடிப்பார்களாம்.

"எவ்ளோ பெரிய வலை?"

"டவுன்ஷிப்ல ஆரம்பிச்சா முத்தாண்டிக்குப்பம் வரைக்கும் போனாலும் போகும்."

"அவ்ளோ நெலத்தையுமா எடுப்பாங்க?" என்றேன். மைன்ஸுக்கு நிலம் கொடுத்துவிட்டு நின்றவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர்.

"வலைக்கு அடியில வெயில் இறங்கும், பயிர் வைக்கலாம்னு சொல்றாங்க. அந்த அலை ஆளைச் சுடாத அளவுக்கு லேசாத்தான் இருக்கணும். அதுக்காகத்தான் வலை அவ்வளவு பெருசு."

"நடக்குமா இது?"

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. "கணக்குப் போட்டா நடக்கும். கம்பி இல்லாம கொஞ்ச தூரம் கரண்ட் அனுப்பிப் பாத்துட்டாங்க. ஆனா இந்த வயல் மொத்தத்தையும் விடப் பல மடங்கு சாமானை ராக்கெட்ல ஏத்தணும். மேல கொண்டுபோய் யாரு பூட்டுறது? சின்னச் சின்னக் கல்லு வந்து அடிக்கும், யாரு ரிப்பேர் பண்றது? கரண்டைக் கீழ இறக்குறதுக்குள்ள பாதி வழியிலேயே போயிரும். இப்பக் கட்டுப்படியாகாது. என் காலத்துல பாக்கணும்னு ஆசை."

"தொடைக்க ஆளு வேணாமா மேடம்?" என்றாள் மருமகள். அழுத முகத்தில் சிரிப்பு வந்தது. "வேணும்னா சொல்லுங்க, புள்ளையை அத்தைகிட்ட உட்டுட்டு வர்றேன்."

அதற்குள் மேஸ்திரி கதவைத் தட்டினான். "மேடம், பாஸு?"

அந்தப் பெண் முகம் மாறியது. எங்களைப் பார்த்துச் சொன்னது: "புடவை விஷயம் என்னோட முடிஞ்சுது. ஆனா குழந்தை உள்ள இருக்கக் கூடாது பாட்டி. கரண்ட் ஓடுற இடம். ஏதாவது ஆனா நானே என்னை மன்னிக்க மாட்டேன். குழந்தை வந்தா இவங்களை நிறுத்திதான் ஆகணும்."

நியாயம். அதை நான் மறுக்கவில்லை. மருமகள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். வேறு வழியில்லை என்று அவளுக்குத் தெரியும். கேட்கவும் வாய் வராது, ஏனென்றால் பிள்ளைக்காக ஒரு நாளும் வேலையை விடாதவள் நான் என்று அவளுக்குத் தெரியும்.

நான் என் கழுத்திலிருந்த பாஸைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். என்னிடமிருந்து யாரும் வேலையைப் பிடுங்கினதில்லை. அன்றைக்கும் பிடுங்கவில்லை, நான் கொடுத்தேன். "புல்லு வெட்ட ஆளைப் பாத்துக்க மேஸ்திரி. புள்ளைக்கு நான் இருக்கேன்."

"அத்தை, வேணாம் அத்தை" என்றாள்.

"போடி. வெயில் ஏறுது. மிச்ச வரிசையைத் தொடச்சி முடி. சூடாயிட்டா கண்ணாடி விரிஞ்சிடும்."

இன்ஜினியர் அம்மா எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டது.

அதிலிருந்து வேலிக்கு வெளியே வேப்ப மரத்தில் தூளி கட்டினேன். மருமகள் பால் கொடுக்க வேலிக்கு வந்து போவாள். கழுத்தில் பாஸ் ஆடும். அவள் போன பிறகு நான் தூளியை ஆட்டிக்கொண்டே வரிசைகளைப் பார்ப்பேன். வெயில் ஏறுவது தெரியும். இப்போது அந்தப் பெட்டியில் கோடு ஏறிக்கொண்டிருக்கும் என்று நினைப்பேன். பிறகு அதையும் தாண்டி, மேகத்துக்கு அப்பால், இன்னும் யாரும் ஒன்றும் விரிக்காத அந்த இடத்தை நினைப்பேன். அங்கே வெயில் யாருக்கும் உதவாமல் கொட்டிக்கொண்டே இருக்கிறது. எத்தனை காலமாக? பார்க்கவும் முடியாது, பார்க்காமல் இருக்கவும் முடியாது. நான் சும்மா உட்கார்ந்திருந்த காலம் என்றால் என் வாழ்க்கையிலேயே அது ஒன்றுதான். அதில் பார்த்த அளவு வேறு எப்போதும் பார்த்ததில்லை.

குழந்தை இப்போது நடக்கிறது. மருமகள் இப்போது துடைக்கிற கூட்டத்துக்கே லீடர். புதிதாக வருகிற பெண்களுக்கு முதல் நாளே நிழல் கணக்கைச் சொல்லிவிடுகிறாளாம். இன்ஜினியர் அம்மா வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டது. வானத்தில் எதுவும் விரித்ததாகச் செய்தி இல்லை. என் காலத்தில் வராது. அதில் எனக்கு வருத்தமில்லை. முடியும் என்று கணக்குப் போட்டவர்களில் ஒருத்தி என் கையைப் பிடித்தாள், அது போதும்.

"ஆயா, எழுதி எழுதிக் கை வலிக்குது. முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது. எங்க, மொதல்லேர்ந்து படி. நான் சொல்லாததை எதுனா சேத்திருந்தீன்னா எனக்குத் தெரிஞ்சிடும்."