எண்ணெய் தொட்ட பத்துக் குண்டுகள்

துப்பாக்கி சுடும் கூடத்தில் வேலை பார்க்கிறவருக்குச் சத்தம் என்றாலே ஆகாது என்றால் யார் நம்புவார்கள்? நம் ஆள் அப்படித்தான். பலூன் உடைந்தாலே காதைப் பொத்திக்கொள்வார். இருபத்திரண்டு வருடமாக அங்கே ஏர் ரைஃபிள்களைக் கழற்றி மாட்டுகிறார், ஒரு தடவைகூட விசையை இழுத்ததில்லை. பழுது பார்த்ததைச் சோதிக்க வாசலில் பதிவேடு எழுதும் தன் மனைவியைக் கூப்பிடுவார். அந்த அம்மாள் வந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கறுப்பு வட்டத்தின் நடுவில் பத்துக் குண்டையும் இறக்கிவிட்டுப் போவாள். கூடத்தில் நம் ஆளுக்கு "உஷார்" என்று பெயர்.

பயம் சும்மா வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ரைஃபிள் வெடித்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். அந்த வகைத் துப்பாக்கியில் உள்ளே ஒரு ஸ்பிரிங் பாய்ந்து காற்றை நெருக்கும், கண் மூடித் திறப்பதற்குள் காற்று கொதித்துவிடும். அந்தச் சூட்டில் தையல் மெஷின் எண்ணெய் பட்டால் பற்றிக்கொள்ளும். அன்று யாரோ அசட்டையாக விட்ட எண்ணெயால் குறி பார்க்கக் கண்ணருகே இருக்கும் இரும்புத் துண்டான பின்குறி பிய்த்துக்கொண்டு ஒருவரின் புருவத்தில் இறங்கியது. ஏழு தையல். அரை அங்குலம் கீழே என்றால் கண் போயிருக்கும்.

அதனால்தான் குண்டுக்குப் போட அவர் தனியாகச் சிலிக்கான் எண்ணெய் வைத்திருந்தார். அது பற்றாது. ஒரு டப்பா குண்டுக்கு ஒரு சொட்டு விட்டு உருட்டினால் குண்டு குழலில் வழுக்கிக்கொண்டு போகும், குறியும் பிசகாது என்பது அவர் கட்சி. "எல்லாம் மனப்பிராந்தி" என்பது மனைவி கட்சி. வீட்டில் நடந்த இந்த வழக்கு கூடத்தின் செயலாளர் காதுக்கு எட்ட, அவர் ஒரு சோதனை வைத்தார். எண்ணெய் போடாமல் பத்து, போட்டுப் பத்து. சுடுவது அந்த அம்மாள்.

காலையிலிருந்தே உஷாருக்குக் கை கால் ஓடவில்லை. பட்டறைக் கதவு கிறீச்சிட்டது பொறுக்காமல் கீலுக்கு மெஷின் எண்ணெய் விட்டார். இரண்டு எண்ணெயும் ஒரே மாதிரிக் குட்டிப் புட்டிகளில் இருந்தன. மெஷின் எண்ணெய்ப் புட்டியின் கழுத்தில் அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டியிருந்தார். பிறகு குண்டுகளை எண்ணெயில் உருட்டினார். யாரும் மாற்றி வைத்துவிடக் கூடாதே என்று இரண்டு புட்டிகளையும் தன் பையிலேயே போட்டுக்கொண்டார்.

எண்ணெய் போடாத பத்தும் ஒரே ஓட்டையாக விழுந்தன. அடுத்த டப்பாவை மனைவி திறந்தாள். முதல் குண்டு. இரண்டாவது. உஷார் மூக்கைச் சொறிந்தார். விரலில் மெஷின் எண்ணெய் வாடை.

கீலுக்கு விட்டதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு பையிலிருந்து புட்டிகளை எடுத்தார். இரண்டிலும் நூல் இல்லை. அது எப்போது அவிழ்ந்து விழுந்தது? முகர்ந்து பார்த்தார். ஒரே கையால் தொட்டதில் இரண்டும் ஒரே வாடை.

மூன்றாவது குண்டு. நான்காவது. இலக்கு அட்டையைப் பார்த்தார். நாலும் நாலு திசையில் கிடந்தன. அவள் சுட்டு அப்படி அவர் பார்த்ததே இல்லை.

சுவரில் சிவப்புப் பொத்தான் இருந்தது. அமுக்கினால் மணி அடிக்கும், எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்தாக வேண்டும். உஷார் அதை முன்பே இரண்டு தடவை அடித்திருக்கிறார். ஒரு தடவை பல்லி விழுந்ததற்கு, இன்னொரு தடவை யாரோ பலமாகத் தும்மியதற்கு. "இனி ஒரு தடவை சும்மா அடிச்சீங்க, வேற வேலை தேடிக்குங்க" என்று செயலாளர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். இப்போது அடிப்பது நிஜ ஆபத்துக்கா, தன் பயத்துக்கா? பாவி மனுஷனுக்குத் தன் பயத்தின் மேலேயே நம்பிக்கை போயிருந்தது.

மனைவி ஐந்தாவது குண்டைப் போட்டுக் கன்னத்தைத் துப்பாக்கியில் சாய்த்தாள். உஷார் பொத்தானை அமுக்கினார்.

மணி அலறியது. துப்பாக்கிகள் கீழே இறங்கின. செயலாளர் பாய்ந்து வந்தார். "இப்ப என்ன, மறுபடியும் பல்லியா?"

"எண்ணெய் மாறிப்போச்சுங்க. நான்தான் மாத்திப் போட்டுட்டேன்னு தோணுது."

"தோணுதா?"

அவள் சுட்ட இடத்திலேயே ரைஃபிளை மேஜைப் பிடியில் இறுக்கி, விசையில் கயிறு கட்டி, தள்ளி நின்று செயலாளரே இழுத்தார். டப். ஒன்றுமில்லை. இன்னொன்று போட்டு இழுத்தார். டப். யாரோ சிரித்தார்கள். உஷார் வேலை போனது போனதுதான் என்று தலையைத் தொங்கப் போட்டார்.

மூன்றாவதற்குக் கூடமே அதிர்ந்தது. புகை விலகியபோது பின்குறியைக் காணோம். பின்பக்கப் பலகைச் சுவரில் அது ஆழமாகக் குத்தி நின்றது. அவள் கன்னம் சாய்ந்திருந்த இடத்துக்கு நேர் பின்னால். செயலாளர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வெளியே போனார்.

பட்டறைக்குள் வந்ததும் உஷார் ஒரு டம்ளர் தண்ணீரை மனைவியிடம் நீட்டினார். டம்ளர் அவள் கையில் தடதடவென்று ஆடி, தண்ணீர் சேலையெல்லாம் சிந்தியது. இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கை நடுங்கி அவர் பார்த்ததில்லை.

"முதல் குண்டுலயே லேசா புகை வந்துச்சுங்க. மெஷின் எண்ணெய்னு வாடையிலயே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா சுட்டே? ஏன் நிறுத்தல?"

"நிறுத்தினா எண்ணெய் போட்டது யாருன்னு கேப்பாங்க. உங்க வேலை போயிருக்கும்."

"பயமா இல்லையாம்மா உனக்கு?"

"எப்பவுமே பயம்தான். நீங்க சோதிச்சுப் பாருன்னு கூப்பிடுற ஒவ்வொரு தடவையும். வீட்டுல ரெண்டு பேரும் பயந்தா எப்படிங்க?"

உஷார் டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். அடுத்த வாரம் ஒரு ரைஃபிளைப் பழுது பார்த்து முடித்ததும் அவளைக் கூப்பிடவில்லை. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, முதல் தடவையாகத் தானே விசையை இழுத்தார்.