உதட்டில் குண்டூசி

எங்கள் தெருவின் தையல்கார அக்கா குண்டூசிகளை உதட்டில் இடுக்கிக்கொண்டு கால்சட்டையின் விளிம்பை மடிக்கிறார். ஒவ்வோர் ஊசியாகத் துணியில் இறங்குகிறது. கடைசி ஊசியும் இறங்கியதும் பேச்சு தொடங்கும். தெருவுக்கே அவர் குண்டூசியக்கா. வேலை சுமார்தான்: மடிப்பு நேராக வரும், பித்தானுக்குப் போடும் காஜா வாயைப் பிளக்கும். கேட்ட நாளில் கொடுத்துவிடுவார் என்பதால் போகிறோம்.

நான் குடிவந்த முதல் வாரம், அளவெடுத்து முடித்த கையோடு குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். என் பொண்ணு மேல இப்ப ஒண்ணுமே கிடையாது. ஃபைலை மூடி சீல் வெச்சாச்சு."

"என்ன ஃபைல்?"

"அதைத்தான் யாரும் பேசக்கூடாதுன்னு கோர்ட்டே சொல்லிடுச்சே!"

சொல்லிவிட்டு முழுவதையும் பேசினார். பதினைந்து வயதில் மகள் தோழியோடு சேர்ந்து ஒரு கடையில் கைப்பேசி திருடி அகப்பட்டது, அப்புறம் தலைநிமிராமல் படித்தது, பதினெட்டு ஆவதற்குள் நீதிமன்றம் அந்தப் பதிவை மூடி முத்திரையிட்டது.

"இனிமே அது நடக்கவே இல்லைன்னு வெச்சுக்கங்கம்மா" என்றாராம் வக்கீல். நடக்காத ஒன்றை, நடக்கவில்லை என்று யாரும் வீடு வீடாகப் போய்ச் சொல்வதில்லை. அக்கா சொன்னார். பால்காரர், மாடிவீட்டுக்காரர், தண்ணீர் கேன் போடுபவர் என ஒருவரையும் விடவில்லை. தெரு முதுகுக்குப் பின்னால் பேசிய நாட்களில் அவரிடம் பதில் இல்லை. இப்போது பதில் கிடைத்துவிட்டது; கேள்வி கேட்கத்தான் ஆள் இல்லை. மறதியைச் சட்டம் கோப்புக்கு விதிக்கலாம், தாய்க்கு விதிக்க முடியுமா என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

உள்ளே பித்தான் தைத்துக்கொண்டிருந்த மகள் தலையை நீட்டினாள். "ஏம்மா, கோர்ட்டே மூடிடுச்சு. நீ எப்ப மூடுவ?"

"போடி, உனக்காகத்தான்டி தொண்டை வத்துது."

சென்ற சனிக்கிழமை நான் போனபோது கண்ணாடி முன் வெள்ளைக் கோட்டுடன் ஓர் அம்மாள் நின்றிருந்தார். செவிலியர் பயிற்சிப் பள்ளியின் முதல்வர். கோட்டின் நீளத்தைக் குறைக்க வந்தவர். விளிம்பு முழுவதும் ஊசி குத்தியாகிவிட்டது; அக்காவின் வாய் காலி.

"மேடம், என் பொண்ணு உங்க ஸ்கூலுக்குத்தான் அப்ளிகேஷன் போட்டிருக்கா. திங்கக்கிழமை இன்டர்வியூ."

"அப்படியா? நல்லதுங்க. பொண்ணு எப்படி? பிரச்சினை ஒண்ணும் இல்லையே?" கண்ணாடியில் காலரைச் சரிசெய்துகொண்டே சம்பிரதாயமாகத்தான் கேட்டார்.

"உங்ககிட்ட மட்டும் சொல்றேன் மேடம்..."

உள்ளே கத்தரிக்கோல் கீழே விழுந்தது. மகள் அதை எடுக்கவில்லை.

அக்கா அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தார். குனிந்து, குத்தி முடித்த விளிம்பிலிருந்து ஓர் ஊசியை உருவி உதட்டில் வைத்துக்கொண்டு, இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு அடுத்த ஊசியை உருவினார்.