பாட்டிலுக்குள் இறங்கிய மலை

மலை கரைந்துவிடும் என்று நம்பினேன். வெல்லக்கட்டி கரைகிற மாதிரி, அதுவும் அந்தக் கார்த்திகை முடிவதற்குள்ளேயே. அப்போது எனக்கு முப்பதை நெருங்கிய வயசு, மீசையும் இருந்தது, மாசச் சம்பளமும் வந்தது. அறியாப் பருவம் என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை.

எண்பதுகளின் நடுவில், பிளவக்கல் அணைக்கு இந்தப் பக்கம் மலையிலிருந்து இறங்கும் ஓர் ஓடைக் கரையில், தண்ணீரில் வரும் மண்ணை அளக்கிற வேலைக்கு என்னைப் போட்டிருந்தார்கள். காலையில் ஒரு குளுகோஸ் பாட்டிலைக் கயிற்றில் கட்டி ஓடையில் இறக்க வேண்டும். மொண்ட தண்ணீரை ஒரு நாள் அசையாமல் வைத்தால் மண் அடியில் தங்கும். அதை ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுத வேண்டும். சனிக்கிழமை வரும் ஜீப், பாட்டில்களை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசுக்கு ஏற்றிக்கொண்டு போகும். மண் ஒரு பொட்டுகூட வீணாகக் கூடாது என்று இன்ஜினியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

இன்னொன்றும் சொல்லியிருந்தார். ஆடி மாசத்து மழையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம், மலையாளத்தில் கொட்டித் தீர்ந்துவிடும்; நமக்குக் காற்றும் சாரலும்தான். நம் மலையைக் கழுவுவது ஐப்பசி அடைமழை. வெயிலில் காய்ந்து பொரிந்து கிடக்கிற மண்ணை முதல் மழை வாரிக்கொண்டு வரும். அதில் பாதிக்கு மேல் வழியில் உள்ள கண்மாய்களிலேயே தங்கிவிடும், கோடையில் சம்சாரிகள் வயலுக்கு உரமாகக் கரம்பையென்று வண்டியில் அள்ளிப் போவார்கள். மிச்சம்தான் கடலுக்கு. சரிவில் புல் முளைத்துவிட்டால் தண்ணீர் தெளிய ஆரம்பிக்கும். புல் முளைத்த பிறகும் மண் கூடிக்கொண்டே போனால், மலை எங்கோ வாய் பிளந்திருக்கிறது என்று அர்த்தம்.

எனக்கு இருந்தது ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரே அறை. ஒட்டினாற்போல் அடுப்படி, அதற்குக் கதவில்லை. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். அவள் ராஜபாளையத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். பஞ்சு மில்லில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சேருவதா, என்னோடு வருவதா என்று கார்த்திகைக்குள் சொல்லியாக வேண்டும். தீபாவளிக்குப் போனபோது சொன்னாள்: "கார்த்திகை பொறந்ததும் வாரேன். அடுப்படிக்கு ஒரு கதவு மட்டும் போட்டு வைங்க. பாம்பும் நீங்களும் ஒரே வழியா வந்தா எனக்கு அடையாளம் தெரியாது."

வந்த கையோடு கதவு போட்டேன். மழை பிடித்துக்கொண்டது. தரைப்பாலம் முங்கியது, ஜீப் வரவில்லை. பாட்டில் எல்லாம் நிறைந்துவிட்டது. என் மூளை அப்போதுதான் வேலை செய்தது. கடைசிப் பாட்டிலில் தெளிந்த தண்ணீரை மட்டும், புளித்தண்ணி இறுக்கிற பக்குவத்தில் மேலாக இறுத்துவிட்டு, மண் ஒரு பொட்டுகூடச் சிந்தாமல், அதிலேயே மறுநாள் தண்ணீரையும், அடிமண் கலங்காமல் செம்பிலிருந்து மெல்ல ஊற்றிப் பிடித்தேன். அதற்கடுத்த நாளும் அப்படியே. முதல் நாள் ஒரு விரல் மண். மறுநாள் ஒன்றே முக்கால். அடுத்து இரண்டே கால். ஒன்பதாம் நாள் மூன்று விரல். எல்லாவற்றையும் அந்தந்த நாள் மண்ணாகவே நோட்டில் எழுதினேன். சரிவெல்லாம் பச்சைப் பசேலென்று புல்.

பேச ஆள் இருந்திருந்தால் இரண்டாம் நாளே யாராவது சிரித்திருப்பார்கள். எனக்கு இருந்தது ஒரு டிரான்சிஸ்டரும் மழைச் சத்தமும். டிரான்சிஸ்டரில் பேட்டரி தீர்ந்துவிட்டது. ஜன்னல் கம்பியில் மலையுச்சி தெரிகிற மட்டத்துக்குச் சாக்பீசால் கோடு போட்டு, தினமும் காலையில் ஒத்துப் பார்த்தேன். ஒரு நாள் உச்சி அரை விரல் இறங்கியிருந்தது. மற்ற நாளெல்லாம் செருப்போடு நின்றவன், அன்றைக்கு வெறுங்காலில் நின்று பார்த்திருக்கிறேன் என்பது பொறவுதான் தெரிந்தது. அதற்குள் டிரங்குப் பெட்டியைக் கட்டில் மேல் ஏற்றி, மலை வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று இரண்டு தடவை ஓடியும் பார்த்தாயிற்று. இரண்டு தடவையும் மலைப் பக்கமாகத்தான் ஓடியிருக்கிறேன்.

மதகு பார்க்கிற லஸ்கர், வெள்ளத்தில் இடுப்பளவு நனைந்து எனக்கு அரிசி கொண்டுவந்தார். விஷயத்தைச் சொன்னேன். "மலையாவது வாரதாவது சார். எங்கய்யா காலத்துலருந்து அது அங்கனதான் உக்காந்திருக்கு" என்றார். பாட்டிலை எடுத்து, ஒரு நாள் மண் என்று காட்டினேன். அவளுக்கு ஒரு இன்லண்டு லெட்டர் எழுதிக் கொடுத்தேன்: மலை சரியப் போகிறது, வர வேண்டாம். அதைத் தபாலில் போட வாங்கிக்கொண்டு, லஸ்கர் வந்ததைவிட வேகமாகக் கரையேறிப் போனார்.

வெள்ளம் வடிந்து ஜீப் வர இன்னும் ஒரு வாரம் ஆனது; அதுவரை பயத்தில் நான் ஓடைப் பக்கமே போகவில்லை. இன்ஜினியர் அந்தப் பாட்டிலைப் பார்த்துவிட்டு, இது ஒரு நாள் தண்ணீரா என்று கேட்டார். இல்லை சார், ஒன்பது நாள், ஒரே பாட்டில், ஒரு பொட்டு வீணாக்கவில்லை என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"ஒம்பது கோடு தனித்தனியாத் தெரியுது பாருய்யா. மேல போகப் போக மெலிஞ்சுக்கிட்டே போகுது. மலை எப்பவோ அடங்கிட்டுது. நீதான் அடங்கல."

நானும் பார்த்தேன். அடியில் தடித்த செம்மண், அதற்கு மேல் கொஞ்சம் மெல்லிசு, உச்சியில் நகக்கண் அளவு. அந்த வருஷத்து மழை வந்து ஓய்ந்த கதை முழுதும் அதற்குள் வரிசையாகப் படிந்திருந்தது. தினமும் கையில் வைத்திருந்தவன் நான்.

அதே ஜீப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கிருந்து பஸ் பிடித்து ராஜபாளையம் போனேன். அவள் கையெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. என் லெட்டர் கிடைத்ததும் மில் வேலையில் சேர்ந்து, நாலு நாள் ஆகியிருந்தது. நடந்ததைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நீங்க எப்பவும் வெளையாட்டாத்தான் பேசுவீங்க. இது ஒண்ணைத்தான் நெசம்னு நம்புனேன்."

அந்த வருஷம் மலையில் எந்தச் சரிவும் இல்லை. அவள் மில்லை விடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாற்றல் கிடைக்கும்வரை, இன்னும் ஏழு வருஷம், அந்த அடுப்படிக் கதவை நான் ஒருத்தன்தான் திறந்து மூடினேன்.