சிப்பி துளைத்த கை

சிப்பியில் ஓட்டை போடுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள், ஒன்றே ஒன்றை உடையாமல் போட்டுக் காட்டட்டும். பிசிறு வெட்டியும் பட்டன் கட்டியும் முதுகு ஒடிந்த திருப்பூர்க்காரர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பெண்கள் கடற்கரைக்குப் போட்டுப் போகும் பனியனில் கழுத்தைச் சுற்றிச் சின்னச் சிப்பிகள் தொங்கும். அவற்றில் நூல் நுழைய ஓட்டை போட்டவர்கள் நாங்கள்.

மூட்டை வந்தது

மூட்டையைப் பிரித்ததும் செத்த மீன் நாற்றம் ஷெட்டையே தூக்கியது. நான் தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவள். கடலே வேண்டாம் என்று ஓடிவந்தால், அது மூட்டை கட்டிக்கொண்டு பின்னாலேயே வருகிறது. டிரில்லைக் கொஞ்சம் அழுத்தினால் சிப்பி உடையும். அழுத்தாவிட்டால் முனை வழுக்கி விரலில் ஏறும். ஆர்டரைப் பார்க்க வந்த ஆபீஸ் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்: "கடல்லயே ஓட்டையோட கிடைக்காதுங்களா?"

தண்ணீர்த் தட்டு

தூசி பறக்காமலிருக்க, சிப்பியைத் தண்ணீர்த் தட்டில் அமுக்கிப் பிடித்துத்தான் துளைப்போம். விரல் ஊறி மரத்துவிடும். பக்கத்தில் உட்காருபவள் ராசாத்தி, அவிநாசிக்காரி. புருஷன் படுத்த படுக்கை. அவள் கை ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். காயம் பட்டவரை எங்கள் சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். திரும்பி வந்தால் அந்த இடத்தில் வேறு ஆள் இருக்கும். அதனால் நாங்கள் யாரும் காயத்தைக் காட்டுவதில்லை.

ஒருநாள் காலை அவள் தட்டுத் தண்ணீர் சிவந்தது. பதறிக் கேட்டேன். தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்து சொன்னாள்: "சத்தம் போடாதீங்க்கா, ஒண்ணுமில்ல."

தேடினோம்

அன்று மத்தியானம் அவள் டிரில்லில் முனை ஒடிந்திருப்பதை சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். ஊசி ஒடிந்தால் துண்டு கிடைக்கும்வரை சரக்கு நகராது; அது பனியன் கம்பெனிச் சட்டம். பனியனைப் போடுகிறவர்களைக் குத்திவிடக் கூடாதே! டிரில் முனைக்கும் அதே சட்டம்தான். காந்தத்தை வைத்துத் தரையைத் தடவினோம், மூட்டைகளை உதறினோம், பனியன்களை எல்லாம், இரும்பு இருந்தால் கத்தும் டிடெக்டர் மெஷினில் விட்டோம். கிடைக்கவில்லை. யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது என்றார் சூப்பர்வைசர்.

கைக்குழந்தைக்காரி ஒருத்தி அழ ஆரம்பித்தாள். ராசாத்தி எழுந்துபோய்த் தன் கையை மெஷினுக்குள் நீட்டினாள். மெஷின் கத்தியது. அவள் கட்டைவிரல் வீங்கிக் கறுத்திருந்தது. சூப்பர்வைசர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்: "அப்பாடா! துணியில இல்லீங்க."

கிடைத்தது

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். விரலைக் கிழித்துத் துண்டை எடுத்த டாக்டர், இனி அது மடங்குவது சந்தேகம் என்றார். அந்நேரம் மேனேஜர் போன் செய்தார். துண்டைக் கேட்டு வாங்கி வர வேண்டுமாம். கிடைத்ததற்கு அத்தாட்சியாக அதை அட்டையில் ஒட்டினால்தான் சரக்கு போகுமாம். கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனை விட்டெறியலாம் போல ஆத்திரம் வந்தது.

ராசாத்தியோ வீட்டுக்குப் போகாமல் நேராகக் கம்பெனிக்கு வந்தாள். பஞ்சில் சுருட்டியதை சூப்பர்வைசரிடம் நீட்டினாள். அவர் பிரித்து, டிரில்லோடு பொருத்திப் பார்த்துச் சரி என்று தலையாட்டினார். அவள் கட்டுப்போட்ட கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு கேட்டாள்: "நாளைக்கு வரட்டுங்களா?"

ஒடிந்த முனையை ஊரையே நிறுத்தித் தேடுகிற எங்கள் தொழிலில், ஒடிந்துபோன ஆளைத் தேடுகிற சட்டத்தை மட்டும் இன்னும் யாரும் போடவில்லை.