முத்திரை சாரின் செம்பருத்தி

'உண்மை நகல்' என்று முத்திரை குத்திக் குத்தியே முப்பத்தொரு வருடம் உத்தியோகம் பார்த்தவரைத் தெருவில் எல்லோரும் முத்திரை சார் என்றுதான் கூப்பிட்டார்கள். பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வீட்டுப் பத்திரம் என்று ஒரு நாளைக்கு இருநூறு காகிதம். அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாகப் பார்த்து, 'ணங்'கென்று ஒரு குத்து. ஓய்வு பெற்ற அன்று வீட்டுக்கு வந்தவர், இனி நகல் என்று ஒன்றைக் கண்ணெடுத்தும் பார்க்கப் போவதில்லை என்று மனைவியிடம் அறிவித்தார்.

மனைவி பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். வேலை முடிந்து வரும் வழியில் எந்த வேலியில் பூ எட்டிப் பார்த்தாலும், அந்த வீட்டாரிடம் கேட்டு ஒரு குச்சி ஒடித்துவந்து மணலில் செருகிவிடுவார். அரளி, ரோஜா, காகிதப்பூ எல்லாம் அப்படி வந்தவைதான். இத்தனை வருடம் அவற்றின் பக்கம் திரும்பியே பார்க்காத முத்திரை சாருக்கு, இப்போது அவை கண்ணை உறுத்தின. குச்சியில் துளிர்ப்பது செடியே அல்ல, தாய்ச்செடியின் நகல்; விதையில் வருவதுதான் அசல் என்று கட்சி கட்டினார். மனைவி, "சரிங்க" என்று சொல்லிவிட்டு இன்னொரு குச்சியைச் செருகினார்.

அந்த வாரமே முத்திரை சார் காரியத்தில் இறங்கினார். மஞ்சள் செம்பருத்தியின் மகரந்தத்தைக் காது குடையும் பஞ்சில் தொட்டுச் சிவப்புச் செம்பருத்தியில் தடவினார். காய் முற்றி வெடித்ததும் பதினெட்டு விதை கிடைத்தது. நகவெட்டியால் தோலைக் கீறி, ஒரு ராத்திரி ஊறவைத்து, காலித் தயிர் டப்பாக்களில் விதைத்து, ஒவ்வொன்றிலும் வரிசை எண், தேதி, கையொப்பம். ஏழு முளைத்தன. நான்கை நத்தை தின்றது. ஒன்றை அவரே தண்ணீர் ஊற்றி ஊற்றி அழுகவிட்டார். ஒன்றுக்கு வெயில் வேண்டும் என்று மொட்டை மாடியில் வைத்து வறுத்தெடுத்தார். மிஞ்சியது ஒன்று.

அது வளர்ந்தது, வளர்ந்தது, வளர்ந்துகொண்டே இருந்தது. பூக்கிற வழியாக இல்லை. அதே மாதம் மனைவி செருகிய செம்பருத்திக் குச்சியோ வருடம் திரும்புவதற்குள் பூத்துக் குலுங்கியது. எதிர்வீட்டுத் தையல்காரம்மா தினமும் விசாரிப்பார். அசலுக்கு அவகாசம் வேண்டும் என்று முத்திரை சாரும் தினமும் பதில் சொல்வார்.

மூன்றாம் வருடம் மொட்டு விட்டது. ஏழு வீடு ஏறி இறங்கி, மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்குப் பூவைப் பார்க்க வரச் சொன்னார். பூ விடியற்காலையிலேயே விரிந்துவிட்டது. வந்தவர்கள் பார்த்தது, நனைந்த குடைபோலச் சுருட்டிக்கொண்ட ஒன்றை. அடுத்த மொட்டுக்குக் காலையிலேயே வரச் சொன்னதில், தையல்காரம்மாவும் பூச்செடிச் சங்கச் செயலாளரும் மட்டும் வந்தார்கள். செங்கல் பொடியைப் பாலில் கரைத்தது மாதிரி ஒரு நிறம், இதழ்கள் தொங்கின.

"இந்த மாதிரி நிறம் வேற எங்கயும் கிடையாது" என்றார் முத்திரை சார்.

"கிடையாதுதான் சார்" என்று தையல்காரம்மா மனமார ஒப்புக்கொண்டார்.

செயலாளர் சட்டைப் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். புது ரகம் என்று பதிந்து பேர் வைக்கலாம், ஆனால் ஒரே மாதிரி ஐந்து செடி காட்ட வேண்டும் என்றார். ஐந்தென்ன, ஐம்பதுக்கு விதை தருகிறேன் என்றார் இவர்.

"விதை போட்டா அஞ்சும் அஞ்சு விதமா வரும் சார். குச்சி வெச்சுதான் கொண்டுவரணும்."

முத்திரை சார் இரண்டு நாள் அந்தப் படிவத்தை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தார். மூன்றாம் நாள், துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவியின் பின்னால் போய் நின்று, வானத்தைப் பார்த்தபடி கேட்டார். "எந்த இடத்துல வெட்டணும்?"

மனைவி சிரிக்கவில்லை. அது அவருக்குச் சிரமமாகத்தான் இருந்தது. பென்சில் பருமனில் குச்சி, கணுவுக்குக் கீழே வெட்டு, அடி இலைகளைக் கிள்ளி மணலில் செருகி, மேலே பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து நிழலில் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். இவர் ஒன்பது குச்சி வைத்தார். ஒன்பதும் கறுத்துப் போயின.

"தினம் காலைல பிடுங்கிப் பார்த்தீங்களா?"

"வேர் வந்துச்சான்னு பார்க்க வேண்டாமா?"

"தூங்கறவங்க போர்வையை அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் இழுத்துப் பார்த்தா, யாருங்க தூங்குவாங்க?"

இரண்டாம் தடவை ஆறு குச்சி வைத்தார். மறுநாளே கண்புரை அறுவைக்குத் தேதி கிடைத்துவிட்டது. டாக்டர், ஒரு மாதம் குனியக் கூடாது, மண்ணில் கை வைக்கக் கூடாது என்றார். முத்திரை சார் கறுப்புக் கண்ணாடியோடு ஜன்னலோரம் உட்கார்ந்து, வேர் வந்ததா, வேர் வந்ததா என்று மனைவியின் உயிரை எடுத்தார். மனைவி அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு மாதம் கழித்துப் பையை நீக்கினால், ஆறில் ஐந்து புதுத் துளிரோடு நின்றன. யாருடைய கைராசி என்று தையல்காரம்மா கேட்டதற்கு, கண் டாக்டருடையது என்றார் மனைவி.

செடிகள் வளர்ந்து பூத்ததும் சங்கம் ரகத்தைப் பதிந்துகொண்டது. அத்தோடு நிற்காமல், குச்சி நடுவது பற்றி வகுப்பெடுக்க முத்திரை சாரையே அழைத்தது. முதல் பாடம் பொறுமை என்று ஆரம்பித்தார். ஒரு மாதத்துக்குள் பிடுங்கிப் பார்ப்பவன் செடி வளர்க்கவே லாயக்கில்லாதவன் என்று மேசையைத் தட்டிச் சொன்னார். கடைசி வரிசையில், மடியில் மணல் தொட்டியோடு உட்கார்ந்திருந்த மனைவிக்கு இருமல் வந்தது. பக்கத்திலிருந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.