ஒன்பது பேர் விபத்து

பெயரை மாற்றி, வயதில் நான்கைக் கூட்டி, ஊரைத் தூக்கி மானாமதுரைப் பக்கம் போட்டுவிட்டுத்தான் பியூலா வாட்ஸப் குழுவில் எதையும் எழுதுவார். இருநூற்றுச் சொச்சம் மனநல ஆலோசகர்கள் இருக்கும் குழு அது. சிக்கலான கேஸ் வந்தால் அங்கே யோசனை கேட்பார். ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியதும் கைபேசியைக் கவிழ்த்து வைப்பார். ஐந்து நிமிடம்கூடத் தாங்காமல் நிமிர்த்திப் பார்ப்பார்.

சாத்தூரில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் அவருடைய அறை. யாராவது 'டாக்டரம்மா' என்றால், "நான் டாக்டர் இல்லம்மா, எனக்கு ஊசி போடத் தெரியாது" என்று திருத்துவார். படியேறும்போதே விசும்பத் தொடங்குகிறவர்களிடம், "மொதல்ல தண்ணியக் குடிங்க, பொறவு அழுவலாம்" என்பார். அழ வந்தவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். அப்புறம் ஒரு வாக்கு கொடுப்பார்: "இங்கன சொல்றது இங்கனயேதான் கெடக்கும்."

அந்த வாக்கை நம்பித்தான் முத்துச்செல்வி வாய் திறந்தாள். பட்டாசுக் கம்பெனியில் வெடி விபத்து நடந்த அன்று, காய்ச்சல் என்று பொய் சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டவள் அவள். அவளுக்குப் பதிலாக வேலைக்குப் போன நாத்தனார் திரும்பி வரவில்லை. அந்தக் காய்ச்சல் பொய் என்பது கணவன் காளிராஜுக்குக்கூடத் தெரியாது. இரண்டு வருடமாக அடுப்பைப் பற்றவைக்கும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இவளை எப்படித் தேற்றுவது என்று பியூலா குழுவில் கேட்டார். நல்ல எண்ணம்தான். வழக்கம்போலப் பெயர், வயது, ஊர் எல்லாம் மாறின. 'ஒன்பது பேர் இறந்த விபத்து' என்பது மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இந்தப் பக்கத்தில் விபத்துக்குப் பெயரே செத்தவர்களின் எண்ணிக்கைதான். ஒன்பது பேர் என்றால் எந்தக் கம்பெனி, எந்த அறை, யாருக்குப் பதில் யார் போனது என்று டீக்கடையில்கூடச் சொல்லிவிடுவார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பியூலாவுக்கு இது தெரியாததல்ல. முத்துச்செல்வியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவும் தோன்றவில்லை. குழுவில் கைதட்டல் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தபோது மனம் குளிர்ந்துதான் போனது. இப்போது அதை நினைத்தால் அவருக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

குழுவிலிருந்த விருதுநகர்க்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் வீட்டில் சொல்ல, அது ஒரு கல்யாணப் பந்திக்குப் போய், அங்கிருந்து காளிராஜின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் முத்துச்செல்வி வந்தாள். உட்காரவில்லை. "செத்துப்போன தங்கச்சி போட்டோவத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்காரரு அவுக ஆத்தா வீட்டுக்குப் போயிட்டாருக்கா. நாலு நாளாச்சு. உங்ககிட்ட மட்டுந்தானக்கா சொன்னேன்?"

நான் பெயர் எழுதவில்லையே என்ற பதில் பியூலாவின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"நாந்தான் எழுதுனேன். உங்கள ஒரு வார்த்த கேக்காம எழுதிட்டேன். தப்புத்தான்."

"அம்புட்டுப் பேருக்கும் என்னத்த எழுதுனீக? எனக்கு இங்கிலீசு வராது. நீங்களே வாசிச்சுச் சொல்லுங்க."

தமிழில் சொல்லும்போது நாலு வரியை மழுப்பிவிடலாம். அவள் கண்டுபிடிக்கப் போவதில்லை. பியூலா கைபேசியில் அந்தப் பதிவைத் தேடி எடுத்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒரு சொல்லையும் விடாமல் முதல் வரியை வாசித்தார்:

"எனக்கு ஒரு சுவாரசியமான கேஸ் கெடச்சிருக்கு."